இழுக்கும் கர்சர், தீரும் பேட்டரி

வயர்லெஸ் மவுஸ் பற்றி வரும் புகார்கள் பெரும்பாலும் இரண்டுதான். மாதக்கணக்கில் உழைக்க வேண்டிய செல் சில வாரங்களில் தீர்ந்துவிடுகிறது. அல்லது கர்சர் கையோடு நகராமல் இழுக்கிறது, திக்குகிறது, திடீரென்று தாவுகிறது. இவற்றைத் தனித்தனிக் கோளாறுகளாகப் பார்ப்பதே வழக்கம்: முதலாவதற்குப் புது செல், இரண்டாவதற்குப் புது மவுஸ். ஆனால் இவ்விரண்டும் அடிக்கடி சேர்ந்தே வருகின்றன; காரணமும் பல நேரம் ஒன்றே. ரேடியோ இணைப்பு சரியாகக் கிடைக்காத மவுஸ் ஒரே தகவலைத் திரும்பத் திரும்ப அனுப்புகிறது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நேரமும் கொஞ்சம் மின்சாரமும் வீணாகின்றன. நேரம் போவது திரையில் உடனே தெரிகிறது. மின்சாரம் போவது செல் மாற்றும்போதுதான் தெரிகிறது.

மவுஸுக்குள் மின்சாரம் செலவாகும் இடங்கள் முக்கியமாக மூன்று. அடிப்பரப்பைப் படம் பிடிக்கும் சென்சார், அதற்கு வெளிச்சம் தரும் எல்இடி, நகர்வைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் ரேடியோ சிப். மைக்ரோசாஃப்ட் 1999ல் வெளியிட்ட இன்டெலிமவுஸ் எக்ஸ்ப்ளோரர் நொடிக்கு 1,500 படங்கள் எடுத்தது. அடுத்தடுத்த படங்களை ஒப்பிட்டு, கை எந்தப் பக்கம் எவ்வளவு நகர்ந்தது என்று கணக்கிட்டது. அது வயர் உள்ள மவுஸ் என்பதால் மின்சாரத்தைப் பற்றிக் கவலைப்படத் தேவையிருக்கவில்லை. அதே வேலையை ஒரேயொரு டபுள் ஏ செல்லில் மாதக்கணக்கில் செய்யவேண்டிய மவுஸுக்கு ஒரே வழி, முடிந்தபோதெல்லாம் தூங்கிவிடுவது.

அந்தத் தூக்கம் படிப்படியானது. கை நின்ற சிறிது நேரத்தில் சென்சார் படம் எடுக்கும் வேகத்தைக் குறைக்கிறது. இன்னும் நேரம் போனால் நொடிக்குச் சில படங்கள் மட்டும் எடுத்து, ஏதாவது அசைகிறதா என்று பார்த்துக்கொள்கிறது. எல்இடியும் அந்தக் கணங்களில் மட்டுமே மின்னுகிறது. நீண்ட இடைவெளிக்குப் பிறகு மவுஸைத் தொட்டதும் கர்சர் ஒரு கணம் தயங்கிப் பின் கிளம்புவது இதனால்தான். அது கோளாறு இல்லை. சில மாடல்கள் ஆழ்ந்த தூக்கத்திலிருந்து எழ ஒரு கிளிக் கேட்கும். அதையும் கோளாறு என்று எண்ணிப் பலர் கடைக்கு எடுத்துப் போகிறார்கள்.

தூக்கத்தின் மதிப்பை ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நல்ல அல்கலைன் டபுள் ஏ செல்லில், மெதுவாகச் செலவழித்தால், ஏறத்தாழ 2,500 மில்லி ஆம்பியர்-மணி மின்சாரம் கிடைக்கும். ஒரு மவுஸ் அசையும்போது 5 மில்லி ஆம்பியரும் தூங்கும்போது 0.1 மில்லி ஆம்பியரும் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எட்டு மணி நேர அலுவலக வேலையில் கை உண்மையில் மவுஸை நகர்த்துவது இரண்டரை மணி நேரம் இருக்கலாம். அந்தக் கணக்கில் ஒரு நாள் செலவு 15 மில்லி ஆம்பியர்-மணிக்கும் குறைவு. செல் கிட்டத்தட்ட 170 நாள் வரும். அதே மவுஸ் தூங்கவே இல்லையென்றால் ஒரு நாள் செலவு 120 மில்லி ஆம்பியர்-மணி. செல் 21 நாளில் காலி. ஆறு மாதம் மூன்று வாரமாகச் சுருங்கியதற்குப் பழுதான பாகம் எதுவும் தேவையில்லை. ஆகவே பேட்டரி சீக்கிரம் தீரும் மவுஸிடம் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, அதைத் தூங்கவிடாமல் செய்வது எது என்பதே.

தூங்கவிடாத மேஜை

பளபளப்பான சன்மைக்கா, கண்ணாடி, பாலிஷ் ஏறிய கிரானைட் ஆகியவை சென்சாருக்கு ஆகாதவை. சென்சார் தேடுவது பரப்பில் உள்ள நுண்ணிய மேடு பள்ளங்களை, இழைகளை, புள்ளிகளை. கண்ணாடியில் அவை ஏறக்குறைய இல்லை. வெளிச்சம் ஊடுருவிப் போய்விடுகிறது அல்லது ஒரே பக்கமாகத் தெறிக்கிறது. அடுத்தடுத்த படங்களை ஒப்பிட எதுவும் கிடைக்காதபோது சென்சார் இல்லாத அசைவை இருப்பதாகக் கணக்கிடுகிறது. கையை எடுத்த பிறகும் கர்சர் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தால் அதுதான் அடையாளம். அந்த நடுக்கம் இருக்கும்வரை மவுஸ் தான் வேலையில் இருப்பதாக நினைக்கிறது, தூக்கம் இல்லை. கறுப்புப் பரப்பில் சிக்கல் வேறு மாதிரி. திரும்பி வரும் வெளிச்சம் குறைவு என்பதால் பல சென்சார்கள் எல்இடியைக் கூடுதல் நேரம் எரியவிடுகின்றன.

லாஜிடெக் 2009ல் கொண்டுவந்த டார்க்ஃபீல்டு சென்சார் கண்ணாடியிலும் வேலை செய்யும். ஆனால் கண்ணாடி குறைந்தது 4 மில்லி மீட்டர் தடிமனாக இருக்கவேண்டும் என்பது அந்நிறுவனமே சொல்லும் நிபந்தனை. மற்ற மவுஸ்களுக்குத் துணி மேலுறை கொண்ட சாதாரண மவுஸ் பேடு போதும். பேடு கையில் இல்லாவிட்டால் ஒரு வெள்ளைத் தாளை விரித்து அதன்மேல் மவுஸை ஓட்டிப் பார்க்கலாம். தாளில் நடுக்கம் நின்றுவிட்டால் குற்றவாளி மேஜைதான். சென்சார் துளையில் சிக்கிய ஒற்றை முடியோ தூசு நூலோகூட இதே நடுக்கத்தைத் தரும் என்பதால், மவுஸைக் கவிழ்த்து அந்தத் துளையை ஒரு முறை ஊதிவிடுவதும் நல்லது.

மேஜையின் அதிர்வும் ஒரு காரணம். பிரிண்டர் இருக்கும் மேஜை, கால் ஆடும் மேஜை, கம்ப்யூட்டரின் ஃபேன் அதிர்வு ஏறும் மேஜை எல்லாமே சென்சாரை எழுப்பும். பைக்குள் சுவிட்ச் போட்டபடியே கிடக்கும் மவுஸின் நிலை இன்னும் மோசம். பஸ்ஸின் ஒவ்வொரு குலுக்கலிலும் அது விழித்து, அருகே இல்லாத ரிசீவரைத் தேடத் தொடங்குகிறது. அப்படித் தேடுவது சும்மா அசைவதைவிடச் செலவானது. ஏன் என்பதை அறிய ரேடியோ பக்கம் போகவேண்டும்.

ஒரே அலைவரிசையில் ஊரே

நார்வேயைச் சேர்ந்த நார்டிக் செமிகண்டக்டர் நிறுவனத்தின் என்ஆர்எஃப்24 வரிசை சிப்கள் பல பிராண்டு மவுஸ்களில் நெடுங்காலம் இருந்துவந்தவை. அவற்றில் ஒன்றான என்ஆர்எஃப்24எல்01+ சிப்பின் விவரப் பட்டியல் இந்த விஷயத்தை நன்றாகக் காட்டும். முழுத் திறனில் தகவல் அனுப்பும்போது அது இழுப்பது 11.3 மில்லி ஆம்பியர். பதிலுக்காகக் காது கொடுக்கும்போது, நொடிக்கு 2 மெகாபிட் வேகத்தில், 13.5 மில்லி ஆம்பியர். பேசுவதைவிடக் கேட்பதற்குச் செலவு அதிகம்! முழுதாக அணைந்திருக்கும்போது இழுப்பது ஒரு மைக்ரோ ஆம்பியருக்கும் குறைவு. இரு எல்லைகளுக்கும் நடுவே பத்தாயிரம் மடங்குக்கு மேல் வித்தியாசம் இருக்கிறது. ஆகவே பேட்டரியின் ஆயுளைத் தீர்மானிப்பது, இந்தச் சிப் எத்தனை மைக்ரோ நொடிகள் விழித்திருக்கிறது என்பதே.

எல்லாம் நன்றாக இருந்தால் மவுஸ் ஒரு சிறு பொதியை அனுப்பும், ரிசீவரிலிருந்து ‘வந்து சேர்ந்தது’ என்று பதில் வரும், சிப் அணைந்துவிடும். ஒரு மில்லி நொடிக்குள் காரியம் முடியும். பதில் வராவிட்டால் அதே பொதியைச் சிப் தானாகவே மறுபடி அனுப்புகிறது. இந்தச் சிப்பில் அப்படி 15 முறை வரை முயலும்படி அமைக்கலாம். கல்யாண மண்டபத்தில் மேளச் சத்தத்துக்கு நடுவே பேசுகிறவர் ஒரே விஷயத்தை மூன்று தரம் கத்திச் சொல்வதைப் போன்ற நிலை இது. பேச்சும் தாமதமாகிறது, தொண்டையும் வறண்டுபோகிறது.

அந்த மேளச் சத்தம் எங்கிருந்து வருகிறது? இந்த மவுஸ்கள் பேசுவது 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில். உலகம் முழுவதும் உரிமம் இல்லாமல் பயன்படுத்தக் கிடைக்கும் பட்டை என்பதால் எல்லோரும் அங்கேயே இருக்கிறார்கள். ப்ளூடூத்தும் அங்கேதான், பழைய வகை வைஃபையும் அங்கேதான். மைக்ரோவேவ் அடுப்பு வேலை செய்வதும் 2.45 கிகாஹெர்ட்ஸ் பக்கத்தில். அடுக்குமாடிக் குடியிருப்பில் அக்கம்பக்கத்து வீடுகளின் ரவுட்டர்கள் எல்லாம் சேர்ந்து இந்தப் பட்டையை நிரப்பிவிடும். ஆகவே வீட்டு வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிவிடுவது மவுஸுக்குச் செய்யும் பெரிய உதவி. இன்றைய ரவுட்டர்கள் பலவற்றில் இரண்டு பட்டைகளும் இருக்கின்றன; பெயர்ப் பட்டியலில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பது மட்டுமே கேள்வி.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை, பெரும்பாலோர் சந்தேகிக்காத இடத்தில் இருக்கிறது. ரிசீவர் செருகப்பட்ட போர்ட்டுக்குப் பக்கத்துப் போர்ட்டில்.

யுஎஸ்பி 3.0 தரம் 2008ல் வெளியானது. அதன் வேகம் நொடிக்கு 5 கிகாபிட். அந்த வேகத்தில் ஓடும் தரவு, கேபிளிலிருந்தும் கனெக்டரிலிருந்தும் சாதனத்திலிருந்தும் ரேடியோ இரைச்சலாகக் கசிகிறது. அந்த இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையின் மீதும் பரவிக் கிடக்கிறது. இன்டெல் நிறுவனம் 2012 ஏப்ரலில் இதைப் பற்றி ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. யுஎஸ்பி 3.0 ஹார்டு டிஸ்க் ஒன்றை இணைத்ததும் அந்தப் பட்டையின் பின்னணி இரைச்சல் ஏறத்தாழ 20 டெசிபல், அதாவது நூறு மடங்கு அளவுக்கு, உயர்ந்ததை அது காட்டியது. வயர்லெஸ் மவுஸையே சோதனைப் பொருளாக எடுத்துக்கொண்ட அறிக்கை அது. குறை எந்த ஒரு கம்பெனியின் தயாரிப்பிலும் இல்லை. அந்த வேகத்தில் தரவை அனுப்புவதன் இயல்பே அப்படி.

பார்த்தால் மிகச் சாதாரணமாகத் தோன்றும் காட்சி இது: லேப்டாப்பின் ஒரே பக்கத்தில் நீல நிற நாக்கு கொண்ட இரண்டு யுஎஸ்பி 3.0 போர்ட்டுகள். ஒன்றில் நகமளவு ரிசீவர், அதை ஒட்டி மற்றொன்றில் எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கின் கேபிள். ஃபைல் காப்பி ஆகத் தொடங்கியதும் கர்சர் திக்குகிறது. காப்பி முடிந்ததும் சரியாகிவிடுகிறது. கம்ப்யூட்டர் திணறுவதாகவே எவரும் நினைப்பார்கள். டெஸ்க்டாப்பில் நிலை இன்னும் மோசமாகலாம். ரிசீவர் சிபியு பெட்டியின் பின்பக்கம், தகரத்துக்கும் சுவருக்கும் நடுவே, கேபிள் கூட்டத்துக்குள் இருக்கும். மவுஸோ மேஜைக்கு மேலே.

தீர்வு மலிவானது. ஒரு யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிளை வாங்கி, ரிசீவரை அதன் முனையில் மாட்டி, மவுஸ் பேடுக்கு அருகே மேஜைமேல் வைத்துவிட்டால் போதும். யுஎஸ்பி 2.0 கேபிளே போதுமானது. மவுஸுக்கு அதற்கு மேல் வேகம் தேவையில்லை. கேபிள் கிடைக்கும்வரை ரிசீவரை லேப்டாப்பின் மறுபக்கத்துக்கோ, டெஸ்க்டாப்பின் முன்பக்கக் கறுப்புப் போர்ட்டுக்கோ மாற்றலாம். மவுஸ் ‘லேக்’ என்று வரும் புகார்களில் வேறெதையும் தொடுவதற்கு முன் செய்யவேண்டியது இதைத்தான். புது மவுஸ் வாங்கியும் அதே திக்கல் தொடர்வதாகச் சொல்கிறவர்கள் புதிய ரிசீவரையும் பழைய போர்ட்டிலேயே செருகியிருப்பார்கள்.

ப்ளூடூத் மவுஸின் கணக்கு வேறு

ரிசீவர் இல்லாத ப்ளூடூத் மவுஸில் மறுமுனை லேப்டாப்புக்குள்ளேயே இருக்கிறது. பெரும்பாலான லேப்டாப்புகளில் வைஃபைக்கும் ப்ளூடூத்துக்கும் ஒரே கார்டு. ஆன்டெனாவும் பல நேரம் பொது. 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் பெரிய டவுன்லோடு ஓடும்போது இரண்டும் முறைவைத்துப் பேசவேண்டியிருக்கும், மவுஸ் காத்திருக்கும். அதே ப்ளூடூத்தில் இயர்போனும் இணைந்திருந்து ஒரு வீடியோ மீட்டிங்கும் நடந்தால் நெரிசல் உறுதி. இங்கேயும் வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுவதே முதல் மருந்து.

ப்ளூடூத்தின் குறைந்த மின்செலவு வகையில், மவுஸும் கம்ப்யூட்டரும் குறித்த இடைவெளிகளில்தான் சந்திக்கின்றன. அந்த இடைவெளி வழக்கமாக 7.5 மில்லி நொடியிலிருந்து தொடங்குகிறது. ரிசீவர் வைத்த கேமிங் மவுஸ்கள் 1 மில்லி நொடிக்கு ஒரு தடவை தகவல் தருகின்றன. இந்த வித்தியாசம் அலுவலக வேலையில் தெரியாது; வேகமான விளையாட்டில் தெரியும். இரு வழியும் உள்ள மவுஸ் கையில் இருந்தால், எக்செல்லுக்கு ப்ளூடூத், விளையாட்டுக்கு ரிசீவர் என்று பிரித்துக்கொள்வது நியாயமானது.

வேகத்துக்கும் விலை உண்டு. நொடிக்கு 125 முறை தகவல் அனுப்பும் மவுஸை 1,000 முறைக்கு உயர்த்தினால் ரேடியோ எட்டு மடங்கு அடிக்கடி எழுகிறது. 4,000, 8,000 என்றெல்லாம் விளம்பரப்படுத்தும் மாடல்களில் அந்த வேகத்தை இயக்கினால், பேட்டரி நேரம் அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சிட்ட எண்ணுக்கு வெகு கீழே இறங்கிவிடும். திரை 60 ஹெர்ட்ஸில் ஓடினால் ஒவ்வொரு சட்டகத்துக்கும் 16.7 மில்லி நொடி ஆகிறது. அத்தகைய திரைக்கு முன்னால் 8,000 முறை சொல்லும் மவுஸை வைப்பதில் பெரிய லாபம் இல்லை. வண்ண விளக்குகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அணைப்பது நல்லது.

செல்லின் தரமும் குணமும்

சுவர்க் கடிகாரத்துக்கென்று கடையில் மலிவாகக் கிடைக்கும் பென்சில் செல்கள் பெரும்பாலும் ஜிங்க்-கார்பன் வகை. அல்கலைனோடு ஒப்பிட்டால் அவற்றின் கொள்ளளவு மிகவும் குறைவு. ‘செல் மாற்றி மாற்றி அலுத்துவிட்டது’ என்கிறவர்கள் முதலில் செல்லின் மேலட்டையைப் படிக்கவேண்டும். எதிர்த்திசையில் ஒரு சிக்கனமும் உண்டு: மவுஸுக்குப் போதாது என்று கழற்றிய செல், மிகக் குறைவான மின்சாரம் கேட்கும் சுவர்க் கடிகாரத்தில் இன்னும் பல வாரம் ஓடும்.

ஒற்றைச் செல் மவுஸில் 1.5 வோல்ட்டை உயர்த்தித் தரும் சிறு சர்க்யூட் இருக்கும். செல்லின் வோல்டேஜ் இறங்க இறங்க, அதே வேலைக்கு அது செல்லிலிருந்து கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கிறது. இறுதிக்கட்டத்தில் ரேடியோ எழும் கணத்தில் வோல்டேஜ் சரிந்து, மவுஸ் ஒரு நொடி செத்துப் பிழைக்கும். கர்சர் திக்கலுக்கு இதுவும் ஒரு காரணம் என்பதால் சந்தேகம் வந்தால் புது அல்கலைன் செல் போட்டுப் பார்ப்பது சரியான சோதனையே. மல்டிமீட்டரில் 1.4 வோல்ட் காட்டுகிறதே என்று ஏமாறக்கூடாது. சும்மா இருக்கும் செல் நல்ல வோல்டேஜ் காட்டும், சுமை ஏறும்போதுதான் அதன் உண்மை நிலை தெரியும்.

ரீசார்ஜ் செய்யும் நிக்கல் செல்லின் வோல்டேஜ் 1.2. வெகுநேரம் அது அங்கேயே நிற்கும், கடைசியில் சட்டென்று விழும். வோல்டேஜைப் பார்த்துப் பேட்டரி அளவைச் சொல்லும் மவுஸ், அல்கலைன் கணக்கை மனதில் வைத்து, புதிதாகச் சார்ஜ் செய்த நிக்கல் செல்லையும் பாதி காலி என்று காட்டிவிடும். செல் சரியாகத்தான் இருக்கிறது; அளவுகாட்டிதான் தவறு. பழைய நிக்கல் செல்கள் சும்மா இருந்தாலே வடிந்துவிடும் குணமுடையவை. சான்யோ 2005ல் எனெலூப் கொண்டுவந்த பிறகு அந்தக் குறை வெகுவாகக் குறைந்தது. மவுஸுக்கு அப்படிப்பட்ட வகையே ஏற்றது.

இரண்டு செல் போடும் மவுஸில் ஒன்று பழையது ஒன்று புதியது என்று கலப்பது கூடாது. செல் அறையின் ஸ்பிரிங்கில் வெள்ளைப் பொடி படிந்திருந்தால் அது அல்கலைன் செல் கசிந்த அடையாளம். உள்ளிருந்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து அப்படியாகிறது. வெறும் கையால் தொடாமல், காது குடையும் பஞ்சுக் குச்சியில் சில துளி வினிகரோ எலுமிச்சைச் சாறோ தொட்டுத் துடைத்து, ஈரம் போகக் காயவிட்டால் போதும். இந்தப் படிவு மின்தடையைக் கூட்டுவதால் நல்ல செல்லும் சீக்கிரம் தீர்ந்ததாகத் தோன்றும். மாதக்கணக்கில் பயன்படுத்தப்போவதில்லை என்றால் செல்லைக் கழற்றியே வைக்கவேண்டும்.

கம்ப்யூட்டரின் பங்கு

கர்சர் இழுப்பது மவுஸாலா கம்ப்யூட்டராலா என்று அறிய லேப்டாப்பில் எளிய வழி உண்டு. கர்சர் திக்கும் நேரத்தில் டச்பேடைத் தொட்டுப் பார்க்கவேண்டும். டச்பேடிலும் திக்கினால் மவுஸைக் குறை சொல்லிப் பயனில்லை. நினைவகம் நிரம்பியிருக்கலாம், பின்னணியில் அப்டேட் ஓடலாம், டிஸ்ப்ளே டிரைவர் பழுதாகியிருக்கலாம். டெஸ்க்டாப்பில் அதே சோதனைக்கு ஒரு வயர் மவுஸைக் கடன் வாங்கிச் செருகலாம்.

விண்டோஸ் மின்சாரம் சேமிப்பதற்காக யுஎஸ்பி போர்ட்டுகளை உறங்கவைக்கும். சில நிமிடம் விட்டுத் தொடும்போதெல்லாம் கர்சர் ஒன்றிரண்டு நொடி தாமதித்தால் இதைச் சந்தேகிக்கலாம். டிவைஸ் மேனேஜரில் யுஎஸ்பி ரூட் ஹப்பைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், மின்சாரம் சேமிக்க இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற அனுமதிக் கட்டத்தின் டிக்கை எடுத்துவிடவேண்டும். ப்ளூடூத் அடாப்டருக்கும் இந்தப் பக்கம் இருந்தால் அங்கேயும் அப்படியே. லினக்ஸில் மின்சாரம் சேமிக்க உதவும் பவர்டாப் மென்பொருளின் ஆட்டோ-ட்யூன் வசதியை இயக்குகிறவர்கள் மவுஸ் இரண்டு நொடிக்கொரு முறை தூங்கிப்போவதைக் காணக்கூடும். சும்மா இருக்கும் யுஎஸ்பி சாதனத்தை உறங்கவைக்கக் கெர்னல் வழக்கமாகக் காத்திருக்கும் நேரம் அவ்வளவே. அந்த உறக்கத்திலிருந்து மவுஸை மட்டும் விலக்கிவிடலாம்.

ரிசீவரின் ஃபர்ம்வேர் அப்டேட்டையும் ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது. வேகத்துக்காக மட்டுமன்று, பல பிராண்டுகளின் ரிசீவர்களுக்கு வெளியாள் தூரத்திலிருந்தே போலிக் கட்டளைகளை அனுப்பமுடியும் என்ற ‘மவுஸ்ஜாக்’ குறைபாடு 2016ல் வெளிச்சத்துக்கு வந்தது. அதற்குத் திருத்தம் வெளியிட்ட நிறுவனங்கள் உண்டு.

உள்ளேயே லித்தியம் பேட்டரி வைத்த மவுஸ்களில் செல் மாற்றும் வழி பயனருக்கு இல்லை. லாஜிடெக்கின் எம்எக்ஸ் மாஸ்டர் 3ல் இருப்பது 500 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி. முழுச் சார்ஜில் 70 நாள் வரை என்கிறது நிறுவனம். சில நூறு முறை சார்ஜ் ஏறி இறங்கிய பின் எந்த லித்தியம் பேட்டரியும் கொள்ளளவை இழக்கும். மேஜையும் ரேடியோவும் அமைப்புகளும் சரியாக இருந்து, சார்ஜ் நிற்கும் நாட்கள் மட்டும் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே வந்தால் அது பேட்டரியின் வயதுதான். மேல்புறம் உப்பியிருந்தாலோ அழுத்தும் பட்டன் தூக்கி நின்றாலோ சார்ஜ் போடுவதை உடனே நிறுத்தவேண்டும். பேட்டரி மாற்றித்தரும் சர்வீஸ் கடைகள் உண்டு. மாற்றமுடியாததை வீட்டுக் குப்பையில் போடாமல் மின்னணுக் கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிடவேண்டும். கூடவே ரிசீவரைத் தூக்கிப்போடத் தேவையில்லை. லாஜிடெக்கின் யூனிஃபையிங் ரிசீவர் ஆறு சாதனங்கள் வரை ஏற்கும் என்பதால், அதே வகையில் வேறொரு மவுஸையோ கீபோர்டையோ அதோடு இணைத்துக்கொள்ளலாம்.